மேடம் மண்

என் அக்கா ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் ஆளைப் பார்க்கமாட்டாள், தரையைப் பார்ப்பாள். "வாங்க, வாங்க" என்று வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டு நிற்பார். இவள் குனிந்து, வாசற்படிக்கும் தெருவுக்கும் எத்தனை அங்குலம் வித்தியாசம் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருப்பாள். பிறகுதான் நிமிர்ந்து, "ஒரு சொம்பு தண்ணி குடுங்க" என்பாள். பாவம், களைத்து வந்திருக்கிறாள் என்று அவர்கள் உள்ளே ஓடுவார்கள். கொண்டுவந்த தண்ணீரை வாங்கி அப்படியே முற்றத்தில் ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு தடவை ஓர் அம்மா மரியாதைக்கு எலுமிச்சை பிழிந்து, சர்க்கரை கலந்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அக்கா கவனிக்கவில்லை. அதையும் ஊற்றிவிட்டாள். ஒரு வாரம் அந்த முற்றத்தில் எறும்பு ஓயவில்லையாம்.

அவளுக்குத் 'தண்ணி ஊத்துற மேடம்' என்று பெயர் வந்தது அப்படித்தான்.

கட்டடக் கலைஞர் என்று வாசல் பலகையில் எழுதியிருந்தது. ஆனால் பேர் சொல்லும்படியாக அவள் எதையும் கட்டவில்லை. சின்ன மனை, சின்ன வீடு, மேலே ஒரு மாடி, அதன் தலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. முப்பது வருஷமாக அவள் வரைந்தது இவ்வளவுதான். எங்கள் வீட்டு முன்னறைதான் அலுவலகம். வரைபடங்களைச் சுருட்டிக் குழாயில் போடுவது, நகல் எடுத்து வருவது, நகரமைப்பு அலுவலகத்தில் வரிசையில் நிற்பது, டீ போடுவது எல்லாம் என் வேலை. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். அம்மா படுக்கையில் விழுந்தபோது ஒருத்தி வீட்டில் இருக்கவேண்டியிருந்தது. அக்கா கல்லூரியில் இருந்தாள். அதனால் நான் இருந்தேன். அம்மா போன பிறகு அக்காவோடேயே தங்கிவிட்டேன்.

அத்தான் மருந்துக்கடை வைத்திருந்தார். வாய் ஓயாத மனிதர். நான் பேசாததற்கும் சேர்த்து அவரே பேசுவார். எனக்கு அவர் வைத்த பெயர் ஊமைக்கோட்டான்.

"கோட்டான் எல்லாத்தையும் பாக்கும், எதையும் சொல்லாது. கடையில கொண்டுபோய் உக்கார வெச்சா ஒரு மாத்திரை திருட்டுப் போகாது. ஆனா ஒரு மாத்திரையும் விக்காது" என்பார்.

எங்கள் தெரு அந்த வட்டாரத்திலேயே தாழ்வானது. நாங்கள் குடிவந்த புதிதில் மழை பெய்தால் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும், ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். பத்து வருஷத்தில் அது ஒரு நாள் ஆயிற்று. பிறகு இரண்டு நாள். மழை கூடவில்லை. வடிவதற்கு இடம் குறைந்துவிட்டது.

வீடு கட்டுகிறவர்கள் மனையில் ஐந்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விடவேண்டும் என்று விதி முன்பே இருந்தது. எல்லோரும் விட்டார்கள். விட்டுவிட்டு அதன்மேல் சிமெண்ட் பூசினார்கள். விதிப்படி திறந்தவெளி என்றால் மேலே கூரை இல்லாத இடம், அவ்வளவுதான்.

"மேல தெறந்திருக்கு, கீழ மூடியிருக்கு. தண்ணி மேலயாடி போகும்?" என்று அக்கா என்னைக் கேட்பாள், ஏதோ அந்த விதியை எழுதியவள் நான் என்பதுபோல.

அந்த ஒரு பங்கு, மண்ணாகவே இருக்கவேண்டும். விதியில் அப்படி ஒரு வரி வரவேண்டும். அக்கா கேட்டது அவ்வளவுதான். அதற்காக ஒன்பது வருஷம் அலைந்தாள்.

ஆரம்பத்தில் அவள் தனியாக இல்லை. ஏழு கட்டடக் கலைஞர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். மாதம் ஒரு முறை எங்கள் முன்னறையில் கூடுவார்கள். ஏழு டீ போடுவேன். வெயிலை உள்ளே விடாத சுவர், மழைநீரைச் சேர்க்கும் தொட்டி, நடக்கிறவர்களுக்கு நடைபாதை என்று பெரிய பெரிய மனுவாக எழுதினார்கள். நகரமைப்பு அலுவலகத்தில் கொடுத்து, பெறுபவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு நான் திரும்பி வருவேன். பதில் வராது. மூன்றாம் வருஷம் நான்கு டீ போட்டேன். அடுக்குமாடி கட்டும் பில்டர்கள் ஒவ்வொருவராக வேலை கொடுத்துக் கூப்பிட்டுக்கொண்டார்கள். போனவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் வீடு வாசல் இருந்தது. ஆறாம் வருஷம் அக்காவுக்கும் எனக்குமாக இரண்டு டீ. அப்போதுதான் அக்கா மற்ற கோரிக்கைகளையெல்லாம் அடித்துவிட்டு மண்ணை மட்டும் வைத்துக்கொண்டாள்.

"ஏழு பேர் கேட்டா ஏழு விஷயம் கேக்கலாம். ஒருத்தி ஒண்ணுதான் கேக்க முடியும்" என்றாள்.

நகரமைப்பு அலுவலர் கெட்ட மனிதர் அல்ல. அக்காவை உட்காரவைத்துத்தான் பேசுவார்.

"மேடம், இப்ப எல்லாருமே புல்லு வளக்கறாங்களே. நான் போற வீட்டுல எல்லாம் முன்னாடி பச்சைப் பசேல்னு இருக்கு."

"புல்லுக்கு அடியில என்ன இருக்கு?"

"அதை நான் எப்படிம்மா பாக்கறது? ஒவ்வொரு வீடா போய்த் தோண்டவா முடியும்?"

"நான் பாத்துச் சொல்றேன்" என்றாள் அக்கா.

பார்த்தவள் நான். அக்கா போனால் அடையாளம் தெரிந்துவிடும். என்னை யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் மறந்துவிடுவார்கள். அக்கா ஒரு முறுக்குக் கம்பியை மூன்றடி நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைக் கூராக்கிக் கொடுத்தாள். புல்லில் குத்த வேண்டும். எவ்வளவு தூரம் இறங்குகிறதோ அவ்வளவு தூரம் அழுத்த வேண்டும். இறங்கியதா, இறங்கவில்லையா என்று நோட்டில் எழுத வேண்டும். வீட்டுக்குள் நுழைய ஒரு சாக்கு வேண்டுமே, அதற்கு அத்தானின் மருந்துக்கடை விளம்பரச் சீட்டுகள். கதவில் சீட்டைச் செருகிவிட்டுத் திரும்பும் வழியில் குனிந்து ஒரு குத்து.

"என் கடைச் சீட்ட வெச்சு உங்கக்கா சட்டம் போடப் பாக்கறா" என்று அத்தான் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். இருமல் மருந்து அந்த வருஷம் நன்றாக விற்றது.

முதல் நாள் மூன்றடிக் கம்பியோடு தெருவில் நடந்தேன். பேருந்தில் ஏறவிடவில்லை. ஒரு வீட்டுக் காவலாளி, "என்னக்கா, கடப்பாரையோட வரீங்க, கெணறு வெட்டவா?" என்று கேட்டார். பக்கத்துக் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்னை யாராவது திரும்பிப் பார்த்தாலே எனக்குக் காது சூடாகிவிடும். அன்று நான்கு வீடுதான் பார்த்தேன். மறுநாள் காலை, பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் ஜன்னல் கம்பி செய்கிற பட்டறைக்குப் போய், கம்பியை என் கைப்பைக்குள் அடங்கும்படி வெட்டித் தரச் சொன்னேன். பிடிக்கிற இடம் போகக் குத்துவதற்கு ஒரு சாண் மிஞ்சியது.

சாயங்காலம் அக்கா கம்பியைப் பார்த்துவிட்டு, "ஏன் இப்படி ஆச்சு?" என்றாள்.

"நீளமா இருந்தா வளையுது" என்றேன்.

அவள் கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "சரி, ஒரு சாண் போதும். நாலு விரலுக்கு மேல எவனும் மண் போட மாட்டான்."

அது உண்மைதான். அப்போது எவரும் போடவில்லை. நான்கு விரல் மண், அதன்மேல் வாங்கி விரித்த புல், கீழே சிமெண்ட். கம்பி 'டக்' என்று நிற்கும். அந்தச் சத்தம் கைவழியாக ஏறித் தோளில் வந்து கேட்கும். பதினோரு மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் பார்த்தேன். நாற்பத்தொரு வீட்டில்தான் கம்பி முழுதாக இறங்கியது. மற்றதெல்லாம் டக்.

அந்த நோட்டைப் பார்த்து அக்கா அழகாக ஒரு வரைபடம் போட்டாள். மண் உள்ள வீடு பழுப்பு, இல்லாத வீடு சாம்பல் நிறம். ஊரே சாம்பலாக இருந்தது. அதை மேசையில் விரித்தபோது அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

கோப்பு அதற்குப் பிறகு நகர்ந்தது. எட்டு மாதத்தில் விதியை இறுதி செய்கிற கூட்டத்துக்கு அக்காவை அழைத்தார்கள். நான் கோப்புப் பையோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அறையில் பதினான்கு பேர்.

"'இயற்கை நிலத்தோடு தொடர்ந்த மண்'ன்னு எழுதியிருக்கீங்க மேடம்" என்றார் அலுவலர். "படிக்க நல்லா இருக்கு. ஆனா என் ஆள் சைட்டுக்குப் போய் எதை வெச்சுச் சரி பாப்பான்? ஒரு எண் சொல்லுங்க."

அக்கா கோப்பைப் புரட்டினாள். "எண்ணுன்னா..."

"நீங்க அந்த முன்னூத்திப் பன்னெண்டு வீட்டுல எவ்வளவு ஆழம் பாத்தீங்க?"

"ஒரு சாண்."

"அப்ப ஒன்பது அங்குலம். உங்க ஆய்வே ஆதாரமா இருக்கு, யாரும் கேள்வி கேக்க முடியாது. போட்டுடலாமா?"

அக்கா உடனே சரி என்று சொல்லவில்லை. அவளுக்குள் என்னவோ உறுத்தியிருக்கவேண்டும். திரும்பி என்னைப் பார்த்தாள், அளவு சரிதானே என்று கேட்பதுபோல. கம்பி மூன்றடியாகவே இருந்திருந்தால் இவள் இப்போது மூன்றடி என்று சொல்லியிருப்பாள் என்று எனக்கு அப்போதே தோன்றியது. அதைச் சொல்வதென்றால் எழுந்து நிற்கவேண்டும். நான் உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினேன்.

"போட்டுடுங்க" என்றாள் அக்கா.

விதி வந்தது. மனையில் ஐந்தில் ஒரு பங்கு, ஒன்பது அங்குலத்துக்குக் குறையாத மண். அத்தான் கேக் வாங்கிவந்து, மேலே இருந்த பூவை வழித்து ஓரமாக வைத்துவிட்டு, "இந்தா, ஐந்தில் ஒரு பங்கு திறந்தவெளி" என்று ஒரு துண்டு வெட்டி அக்காவுக்குக் கொடுத்தார். அக்கா சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. விலகிப்போன ஆறு பேரில் இரண்டு பேர் போன் செய்தார்கள்.

எங்கள் தெருமுனையில் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு ஆறு மாடிக் கட்டடம் எழும்பியது. புதிய விதிக்குப் பிறகு அனுமதி வாங்கிய முதல் கட்டடங்களில் ஒன்று. மனை முழுவதையும் தோண்டினார்கள். கார் நிறுத்த நிலத்தடித் தளம். அதன் கூரை, மனையின் நான்கு எல்லையையும் தொட்டது. அந்தக் கூரையின்மேல் ஓரமாகச் செங்கல்லால் தடுப்புக் கட்டி, லாரியில் மண் கொண்டுவந்து, சரியாக ஒன்பது அங்குலத்துக்கு நிரப்பிப் புல் பதித்தார்கள். விதியை ஒரு நூலிழை மீறவில்லை. மழை பெய்தால் அந்த மண் ஊறும், ஊறி நிரம்பியதும் குழாய்வழியாகத் தெருவுக்கு வரும். நிலத்துக்குள் ஒரு சொட்டு இறங்க வழி கிடையாது.

அக்கா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நின்றேன். உள்ளே மேஸ்திரி ஒருவர் சித்தாளைக் கூப்பிட்டு, "அந்தப் பக்கம் மேடம் மண் பத்தல பாரு, இன்னும் ரெண்டு கூடை போடு" என்றார்.

"அது என்னங்க மேடம் மண்?" என்று அக்கா கேட்டாள்.

"அது ஒண்ணும் இல்லம்மா, ஒரு மேடம் சட்டம் போட்டிருக்காங்களாம், மேலாக்க ஒரு சாண் மண் போட்டாத்தான் கட்டடத்துக்கு அனுமதியாம். பூந்தொட்டி வெச்ச மாதிரி. வேலை வெட்டி இல்லாத மேடம் போல இருக்கு."

"இருக்கும்" என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டாள். அத்தானிடம் சொல்வதுபோல எனக்கும் கேட்கும்படி சொன்னாள்: "மூணு அடின்னு போட்டிருந்தா ஈர மண்ணோட கனத்துக்கே தளத்த ரெண்டு மடங்கு தடிமனா போடணும். எவனும் போடமாட்டான். அதுக்கு நிலத்த நிலமாவே விட்டுடறது மேல்னு விட்டிருப்பான். ஒன்பது அங்குலத்த எந்தத் தளமும் தாங்கும்."

"அப்ப மூணு அடின்னு கேட்டிருக்க வேண்டியதுதானே?" என்றார் அத்தான்.

"கேக்கல. பாத்தது ஒரு சாண். பாக்காத அளவ எப்படிக் கேக்கறது?"

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன்.

இரண்டு வருஷத்தில் அந்த மாதிரிப் பதினேழு கட்டடங்கள் வந்தன. மேடம் மண் என்பது தொழிலில் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. லாரிக்காரர்கள் 'மேடம் மண் கிடைக்கும்' என்று பலகை எழுதி வைத்தார்கள். அந்த வருஷம் மழைக்கு எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. முப்பது வருஷ வரைபடங்களில் கீழ்த்தட்டில் இருந்தவை கூழாகிவிட்டன. எதிர்வீட்டுத் தையல்காரம்மாள் ஒற்றை ஆளாகத் துணி மூட்டைகளைக் கட்டிலின்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். நானும் போய்த் தூக்கிக் கொடுத்தேன்.

"உங்கக்கா என்னவோ சட்டம் கொண்டுவந்தாங்கன்னு சொன்னாங்களே, அதுக்கப்புறம் ஜாஸ்தியால்ல வருது" என்றார். குத்திக்காட்டவில்லை, தெரியாமல்தான் கேட்டார்.

அக்கா தன் விதிக்கு எதிராகத் தானே மனு எழுதினாள். ஒன்பது அங்குலம் என்பதை மூன்றடி என்று மாற்றவேண்டும். ஒரு பக்கம்தான். அதை எழுத அவளுக்கு நான்கு நாள் ஆயிற்று. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள்.

இந்த முறை கூடம் நிறைந்திருந்தது. பில்டர்கள் சங்கமாக வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்து மனையைப் புதிதாக வாங்கிக் கட்டத் தொடங்கியிருந்த பில்டர்தான் அவர்களுக்காகப் பேசினார். நன்றாக உடுத்தி, மரியாதையாகப் பேசுகிற மனிதர்.

"மேடம் எங்களுக்கு வழிகாட்டி. அவங்க கொண்டுவந்த விதிய ஒரு அங்குலம் மீறாம நாங்க நடக்கறோம். இப்ப அவங்களே அது வேண்டாம்கறாங்க. எங்களுக்குப் புரியல."

"நான் சொன்ன அளவு தப்பு" என்றாள் அக்கா. "மூணு அடியா மாத்தணும்."

தலைவர் நாற்காலியில் இருந்தவர் கோப்பைப் பார்த்தார். "போன தடவையும் இதே ஆய்வுதான் காட்டியிருக்கீங்க. அதுல ஒரு சாணுக்கு மேல நீங்க பாக்கவே இல்லையே."

"கம்பி அவ்வளவுதான் இருந்துச்சு."

"ஏன் அவ்வளவு?"

"நீளமா இருந்தா வளைஞ்சுடும்."

பில்டர் மெதுவாகத்தான் கேட்டார். "பன்னெண்டு எம்எம் முறுக்குக் கம்பின்னு உங்க ஆய்வுலயே போட்டிருக்கு. மூணு அடியில, கையால குத்தினா அது வளையுமா மேடம்? நீங்க கட்டடம் தெரிஞ்சவங்க."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அக்காவுக்குத் தெரியாத கணக்கு அல்ல அது, என் வார்த்தையை நம்பி அவள் அதைப் போட்டுப் பார்க்கவே இல்லை. அவள் முகம் எப்படி ஆனது என்று நான் எழுத விரும்பவில்லை. முப்பது வருஷம் தொழில் செய்தவளை ஒரு கம்பியை வைத்து எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்தேன். "வளையல" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "கம்பி வளையல. அக்கா மூணு அடிதான் குடுத்தாங்க. நான்தான் வெட்டுனேன். பையில வெக்க."

"யாரும்மா நீங்க?"

"தங்கச்சி."

"வீடு வீடா போய்ப் பாத்தது நீங்களா?"

"ஆமா."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பில்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மிகவும் வருத்தத்தோடு சொல்வதுபோலச் சொன்னார். "அப்ப இந்த விதிக்கே ஆதாரமான ஆய்வ நடத்தினது மேடம் இல்ல. எட்டாவது படிச்ச தங்கச்சி. அளக்கற கருவியையும் அவங்களே வெட்டியிருக்காங்க, அது மேடத்துக்கே தெரியாது. இத வெச்சு மூணு அடிய விடுங்க, ஒன்பது அங்குலத்தையே எப்படி ஒத்துக்கறது?"

அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசிவரை போட்டுக்கொள்ளவில்லை.

ஆய்வின் நம்பகத்தன்மை ஐயத்துக்கு இடமாகிவிட்டபடியால், புதிய ஆய்வு நடத்தி முடிக்கும்வரை விதியை நிறுத்திவைப்பது என்று முடிவாயிற்று. புதிய ஆய்வை யார் நடத்துவது, எப்போது நடத்துவது என்று முடிவில் இல்லை.

பேருந்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம்.

"இருபது வருஷமா வாயத் தொறடி, வாயத் தொறடின்னு கத்துனேன்" என்றாள் அக்கா, பாதி தூரம் வந்தபின். "இன்னைக்கா உனக்கு நாள் கெடைச்சுது?"

அவள் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு நிறுத்தம் கழித்து, "எந்தப் பை?" என்று கேட்டாள்.

"பழுப்புப் பை."

"அது சின்னப் பையாச்சே" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன்பின் அக்கா புதிய ஆய்வு கேட்டு மனு எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை. வீடு வரைந்து வாங்க வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். ஒரு சொம்பு தண்ணீர் கேட்கிற வழக்கத்தையும் விட்டுவிட்டாள்.

அடுத்த மாதம் பக்கத்து மனையிலிருந்து மண்ணை எடுத்தார்கள். தளம் போட்டு முடித்து, மேலே பரப்புவதற்காகக் கொண்டுவந்து குவித்து வைத்திருந்த மண் அது. விதியை நிறுத்திவைத்துவிட்டதால் இனி அது தேவையில்லை. அந்த இடத்தில் இன்னும் ஆறு கார் நிறுத்தலாம். லாரிக்காரர் முதல் பாரத்தை ஏற்றிக்கொண்டு எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"அக்கா, இத எங்கயோ தூரமா கொண்டுபோய்க் கொட்டச் சொல்றாங்க. உங்க வாசல் பள்ளமாத்தானே கெடக்கு, இங்கயே கொட்டட்டுமா? நல்ல மண்ணு. சும்மாதான்."

மண் கொட்டி மனையை உயர்த்துவது அக்காவுக்கு ஆகாத வேலை. அப்படிக் கேட்டு வந்தவர்களுக்கு அவள் வரைந்து கொடுத்ததே இல்லை. "தண்ணி ஒண்ணும் காணாமப் போயிடாது. உங்க வீட்ட விட்டு அடுத்த வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவாள். எத்தனையோ பேர் அந்த ஒரு காரணத்துக்காக வேறு ஆளைப் பார்த்துப் போனார்கள்.

அத்தான் கடைக்குக் கிளம்பி வாசலில் நின்றார். அக்கா லாரியைப் பார்த்தாள், எங்கள் வாசலைப் பார்த்தாள். தெருவின் எதிர்ப்பக்கத்தை அவள் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்ததால் இதைச் சொல்ல முடியும்.

"கொட்டு" என்றாள்.

நான்கு பாரம் கொட்டினார்கள். சாயங்காலத்துக்குள் மட்டம் பார்த்துச் சமன் செய்து, தெருப்பக்கம் சரிவாக இறக்கிவிட்டாள். தொழில் தெரிந்தவள் அல்லவா, வேலை சுத்தமாக இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து மழை பிடித்தது. விடிய விடியப் பெய்தது. பல வருஷத்துக்குப் பிறகு எங்கள் வாசற்படி நனையவில்லை. தண்ணீர் எங்கள் சரிவில் இறங்கித் தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குள் போயிற்று. தையல்காரம்மாள் வீட்டில் தையல் இயந்திரத்தின் மிதிப்பலகை முழுகிவிட்டது. தைத்து முடித்து வைத்திருந்த பள்ளிச் சீருடைகள் அத்தனையும் சேறு.

இரண்டாம் நாள் வெயில் வந்ததும் அவர் துணிகளை அலசிப் பிழிந்து, ஒரு பெரிய கூடையில் போட்டுத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். வாசலில் அக்கா நின்றாள்.

"உங்க வாசல்ல காயப் போட்டுக்கட்டுமாம்மா? உங்க பக்கம்தான் காஞ்சிருக்கு."

"போடுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள். முன்னறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் கொடிக்கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தேன். இன்னொரு முனையைத் தையல்காரம்மாள் எங்கள் ஜன்னல் கம்பியில் கட்டினார்.